பாதிச் சுண்ணாம்பு

தூத்துக்குடி,
3.2.1975

அன்புள்ள ஞானபாய்க்கு, அண்ணன் அருமைநாயகம் எழுதுவது.

இருமல் குறைந்துவிட்டது. நீ கொடுத்தனுப்பிய சுக்குக் கருப்பட்டியால் குறைந்ததா, தானாகவே நின்றதா என்று தெரியவில்லை. இரண்டு சாத்தியங்களையும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நான் ரசாயன ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும், கல்லூரி விடுதியின் உணவுக் குழுவிலிருந்து என் பெயரை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். மறந்திருக்கலாம். இந்த வருஷம் ரேஷன் அரிசி போதவில்லை. சீனி பாதி மாதத்தோடு தீர்ந்துவிடுகிறது. கோதுமை உப்புமாவும் ரொட்டியுமாக ஓடுகிறது. போன கூட்டத்தில், ஒருநாளும் வாய் திறக்காத நான், "நம்மைச் சுற்றி முப்பது மைலுக்குள் கம்பும் குதிரைவாலியும் கருப்பட்டியும் மீனும் இருக்கின்றன. நாம் ஏன் கப்பலில் வரும் கோதுமைக்காகக் காத்திருக்கிறோம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட கணமே வருத்தப்பட்டேன். கல்லூரி முதல்வர் சிரித்துக்கொண்டு, "நல்ல யோசனை. நீங்களே நடத்துங்கள்" என்றார்.

ஆக, மார்ச் 17 முதல் ஆறு நாள் 'உள்ளூர் உணவு வாரம்'. விடுதிப் பையன்களுக்கு மட்டுமல்ல, கல்லூரி மைதானத்தில் பந்தல் போட்டு ஊராருக்கும். ஆறு நாளுக்கும் மூன்று வேளைக்கும் பட்டியல் தயாரித்துவிட்டேன்; ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. காலையில் டீக்குப் பதிலாகப் பதநீர் கொடுக்க ஆசைப்படுகிறேன். மதுவிலக்கு மறுபடி வந்த பிறகு எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆகவே லைசென்ஸ் உள்ள, கைச்சுத்தமான ஒரு பனையேறி வேண்டும். உடன்குடியில் உனக்குத் தெரியாத ஆள் இருக்க முடியாது.

இதெல்லாம் கிழவன் செய்யும் பைத்தியக்காரத்தனம் என்று தோன்றினால் தயங்காமல் எழுது. இப்போதுகூட நிறுத்திவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்


உடன்குடி,
8.2.1975

அன்புள்ள அண்ணனுக்கு,

என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதையும் குறித்து வைக்க வேண்டாம்.

பட்டியலை வாசித்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். புதன்கிழமை மத்தியானம் கம்பங்களி, சாயங்காலம் உளுந்தங்களி! ஒரே நாளில் இரண்டு களியா? பையன்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சாயங்காலத்துக்குப் புட்டும் சீலாமீன் குழம்பும் வையுங்கள். மற்றபடி எந்தப் பைத்தியக்காரத்தனமும் இல்லை. நிறுத்த வேண்டாம். நீங்கள் எதையாவது ஆரம்பித்து எத்தனை வருஷமாயிற்று!

ஆள் இருக்கிறான். என் வீட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் இசக்கியப்பன். நாற்பது பனை ஏறுகிறான். லைசென்ஸ் புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பான். அவன் மனைவி பேச்சித்தாய் கருப்பட்டி காய்ச்சுகிறாள். அவள் காய்ச்சியதைத்தான் உங்கள் இருமலுக்கு அனுப்பினேன்.

விஷயத்தைச் சொன்னேன். "காலேசுப் பிள்ளையளா? அதுக பதனி குடிக்குமா டீச்சரம்மா? கலர் சோடால்லா குடிக்கும்" என்றான். பேச்சித்தாய் அடுப்படியிலிருந்தே, "ஏன் குடிக்காம? ஒரு வாய் ஊத்திப் பாரும். அப்புறம் உம்ம கலயத்தையும் சேத்து முழுங்கும்" என்றாள். அவனுக்கு உள்ளுக்குள் பெருமைதான். சந்தைக்குப் போகிறவன் போலில்லாமல் கல்யாணத்துக்குப் போகிறவன் போல, என்ன சட்டை போட வேண்டும் என்று என்னிடம் கேட்டான்.

தங்கை ஞானபாய்


தூத்துக்குடி,
27.2.1975

அன்புள்ள ஞானபாய்க்கு,

இசக்கியப்பன் இரண்டு தடவை வந்து போய்விட்டான். நல்ல மனிதன். அதிகம் பேசவில்லை. வெளுத்த சட்டை போட்டிருந்தான்.

முதல் தடவை கொண்டுவந்த பதநீர் மிக அருமை. எனக்கு அருமை. ஆனால் பையன்கள் முகம் சுளித்துவிட்டார்கள். "சார், வெள்ளையடிச்ச செவத்த நக்குன மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். "பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்கக் கலக்குனது மிச்சமா சார்?" என்றான் இன்னொருவன். சமையற்காரர் மாசானம், "சுண்ணாம்பு இல்லாட்டா அது வேற சரக்கா ஆயிரும்லா தம்பி. அப்புறம் நீயும் நானும் ஸ்டேஷன்லதான் களி திங்கணும்" என்று சொல்லிப் பார்த்தார். பையன்கள் கேட்கவில்லை.

பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். எவ்வளவு பூசுவாய் என்று இசக்கியப்பனிடம் கேட்டேன். "கைய விட்டு ஒரு சுத்து, சார். அதுதான் அளவு" என்றான். பழைய ஆய்வறைக்கு அழைத்துப்போய், அவன் விரல் எடுக்கும் சுண்ணாம்பைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். பத்துத் தடவை நிறுத்தேன். பத்துத் தடவையும் ஏறக்குறைய ஒரே எடை. எனக்கு வியப்பாக இருந்தது.

பிறகு அதில் பாதி எடை பிடிக்கும் மருந்துக் கரண்டி ஒன்றைக் கொடுத்து, இந்த அளவு மட்டும் பூசிய கலயத்தில் இறக்கி வரச் சொன்னேன். நேற்றுக் கொண்டுவந்தான். ஆய்வறையில் மூன்று மணி நேரம் வைத்திருந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை லிட்மஸ் காகிதம் நனைத்துப் பார்த்தேன். கடைசி வரை நீலம் மாறவில்லை. பையன்களுக்குக் கொடுத்தோம். இரண்டாவது தம்ளர் கேட்டார்கள், ஞானபாய். என் வாழ்க்கையில் நான் செய்த எதையும் யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

இசக்கியப்பன் மட்டும், "பாதியா? வெயிலு ஏறுனா தாங்காதே சார்" என்றான். நான் காகிதத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். "நீலமா இருந்தா நல்லதா, சார்?" என்று கேட்டான். "நல்லது" என்றேன். "அப்போ சரி" என்றான்.

நான் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு தடவை கணக்குப் பார்த்தேன்.

அண்ணன்


உடன்குடி,
5.3.1975

அன்புள்ள அண்ணனுக்கு,

இசக்கியப்பன் அந்தக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். "சார் பாதின்னு சொல்லுதாக, டீச்சரம்மா. என் கை முழுசுன்னு சொல்லுது. நான் எதக் கேக்க?" என்றான்.

"எங்க அண்ணன் முப்பத்திரண்டு வருஷம் ரசாயனம் சொல்லிக் குடுத்தவுக. சொன்னத அப்படியே செய்யி" என்றேன்.

பேச்சித்தாய் வேலிக்கு அந்தப் பக்கம் ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். "படிச்சவுக பன ஏறியிருக்காகளா?" என்றாள். நான் அவளை அதட்டினேன். அதட்டியதைப் பெருமையாக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

உங்கள் ஆய்வறைக்கு ஓட்டுக் கூரை, வடக்குப் பார்த்த ஜன்னல். மைதானத்தில் நிழல் கிடையாது. ஒரு தடவை யோசியுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். எனக்கு ரசாயனம் தெரியாது.

ஞானபாய்


தூத்துக்குடி,
22.3.1975

அன்புள்ள ஞானபாய்க்கு,

உணவு வாரம் முடிந்தது. இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தது.

வரிசையாகச் சொல்வதே நல்லது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மேகமூட்டம். பையன்கள் 'கூழ் வாரம்' என்று பெயர் வைத்தார்கள். விடுதிச் சுவரில் யாரோ 'இன்று கூழ், நாளை புல்' என்று கரியால் எழுதியிருந்தார்கள். ஆனாலும் சாப்பிட்டார்கள். நீ சொன்னபடி புட்டும் மீன் குழம்பும் வைத்தோம்; மிச்சமில்லை. ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கருப்பட்டிக் காப்பிக்கு வரிசை நின்றது. எதிர்ப்புறம் புரோட்டாக் கடை வைத்திருக்கும் ஆறுமுகநயினார், "சார்வாள், நானும் கடைய மூடிட்டுக் கம்பு இடிக்க வந்துரட்டா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை வெயில் கடுமையாக இருந்தது. இசக்கியப்பன் வந்த பஸ் ஆத்தூரில் பழுதாகி ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டதாம். பதினொரு மணிக்கு வந்தான். குடங்களின் வாயில் நுரை கட்டியிருந்தது. நான் பார்ப்பதற்குள் பையன்கள் ஊற்றிக் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவன் தம்ளரைத் தூக்கிப் பிடித்து, "ஏலே, கள்ளுலே! காலேஜ்லயே கள்ளுக்கடை திறந்தாச்சுலே!" என்று கூவினான். ஒரே கூச்சல். அன்றைக்குப் பார்த்து முதல்வர் வெளியூர் விருந்தினர்களை அழைத்து வந்திருந்தார். யார் சொல்லி அனுப்பினார்களோ, அரை மணியில் மதுவிலக்குப் போலீஸ் வந்தது.

இன்ஸ்பெக்டர், "இத யார் கொண்டுவரச் சொன்னது?" என்று கேட்டார். முதல்வர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதைத் துடைத்து முடிப்பதற்குள் இசக்கியப்பன், "நான்தான் கொண்டாந்தேன்" என்றான். கரண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அழைத்துப் போனார்கள்.

இது சிறிய விஷயம், விசாரித்து விட்டுவிடுவார்கள் என்று முதல்வர் சொன்னார். விட்டுவிட்டார்களா?

அண்ணன்


உடன்குடி,
26.3.1975

அண்ணனுக்கு,

விட்டுவிட்டார்கள், ஜாமீனில். இரண்டு நாள் கழித்து. லைசென்ஸ் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாமி படத்துக்குப் பின்னால் இப்போது ஒன்றுமில்லை.

பாளை வெடித்து நிற்கும் காலம் இது. தினம் இரண்டு வேளை சீவாவிட்டால் பாளை காய்ந்துபோகும். நாற்பது பனையும் காய்கின்றன. அவன் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "காலேஜுக்குப் பதனி கொண்டுபோறேன்னு சொல்லி, பய தனியாக் கள்ளு எறக்கியிருக்கான்." பேச்சித்தாயின் அப்பாவே அப்படி நம்புகிறார். மகளை வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவள் போகவில்லை. ஆனால் புருஷனோடு பேசுவதுமில்லை. "காசுக்கு ஆசப்பட்டீரா, கை தவறிட்டீரா? ஒண்ணச் சொல்லும்" என்று நேற்றுக் கேட்டாள். அவன் கலயங்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிட்டான்.

கண்ணாடியைத் துடைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதவாவது தோன்றியதே. இசக்கியப்பனிடம் "செய்யி" என்று சொன்ன வாய் என்னுடையது. நான் போய்ச் சொல்லத் தயாராக இருக்கிறேன். ஆனால் நான் சொன்னால் எடுபடாது. பாதி என்று அளந்து கொடுத்தவர் நீங்கள்.

ஏப்ரல் 18 வெள்ளிக்கிழமை வழக்கு. கோர்ட்டு உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. இசக்கியப்பன் இங்கிருந்து இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் வர வேண்டும்.

நாளை மறுநாள் பெரிய வெள்ளி. ஆராதனைக்குப் போவீர்கள். அங்கே அழ வேண்டாம்.

ஞானபாய்


தூத்துக்குடி,
9.4.1975

அன்புள்ள ஞானபாய்க்கு,

உன் கடிதத்தை மடித்துப் பையிலேயே வைத்திருக்கிறேன். நீ எழுதியதில் ஒன்றும் தவறில்லை.

கோர்ட்டில் கொடுப்பதற்காக ஒரு வாக்குமூலம் எழுதத் தொடங்கினேன். நாலாவது பிரதி நடக்கிறது. முதல் பிரதி மிக நீளம். இரண்டாவதில் முதல்வர் பெயர் வந்துவிட்டது. அவரிடம் காட்டியபோது, "கல்லூரிப் பெயர் எங்கும் வராமலிருப்பதே எல்லாருக்கும் நல்லது. உங்களுக்கும்" என்றார். 'உங்களுக்கும்' என்றது என்ன அர்த்தத்தில் என்று கேட்கத் துணிவு வரவில்லை. பதநீரைக் கள்ளாக மாற்றியவன் நான் என்று எழுதிக்கொடுத்தால் என்மீதும் வழக்கு வருமா? வந்தால் பென்ஷன் என்னாகும்? ஒரு வக்கீலைக் கேட்கலாம். வக்கீல் வெளியே சொல்லிவிட்டால்?

இதற்கிடையில், சுண்ணாம்புதான் காரணமா என்பதே நிச்சயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் நின்றது, குடம் சரியாகக் கழுவப்படாமலிருந்திருக்கலாம், இப்படி. ஆகவே சோதித்துப் பார்த்தேன். ஆறுமுகநயினார் தெரிந்த ஆள் மூலம் ஆத்தூர்ப் பக்கமிருந்து இரண்டு கலயம் இறக்கித் தந்தார். ஒன்றில் முழு அளவு, மற்றதில் என் அளவு. மாடியில் வெயிலில் வைத்தேன். நானும் பக்கத்தில் குடையோடு உட்கார்ந்திருந்தேன். பத்தே முக்காலுக்கு என்னுடையதில் குமிழ் வந்தது. பதினொன்றரைக்குக் காகிதம் சிவந்தது. மற்றது மூன்று மணி வரை அப்படியே இருந்தது.

நிழலில் மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு வெயிலுக்கு விதி சொன்னேன். முதல் வருஷ மாணவன் இந்தத் தவற்றைச் செய்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

18ஆம் தேதி போகிறேன். நாலாவது பிரதி நன்றாக வந்திருக்கிறது.

அண்ணன்


உடன்குடி,
19.4.1975

அண்ணனுக்கு,

கார்டில் எழுதுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

இசக்கியப்பன் குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டான். "ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிரும், வாய்தா வாய்தாவா அலைய வேண்டாம்" என்று கோர்ட்டு வாசலில் யாரோ சொன்னார்களாம். கோர்ட்டு கலைகிறவரை மூலையில் நிற்கவைத்தார்கள். அவ்வளவுதான் தண்டனை என்று சந்தோஷமாக வந்தான். லைசென்ஸ் இனிக் கிடையாது என்பது அவனுக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும்.

உங்களைப் பார்த்தானாம். எதிரே வேப்பமரத்தடியில் கையில் காகிதத்தோடு நின்றீர்களாம். உள்ளே வரவில்லையாம். "சார் இந்த வெயில்ல வந்து நின்னாக, பாவம். வயசாளி" என்றான்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஞானபாய்


தூத்துக்குடி,
4.8.1975

அன்புள்ள ஞானபாய்க்கு,

மே மாதம் எழுதியதற்கும் ஜூன் மாதம் எழுதியதற்கும் நீ பதில் போடவில்லை. இதற்கும் போட வேண்டாம். தெரிவிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

இசக்கியப்பன் இங்கே உப்பளத்தில் வேலை செய்கிறான் என்று மாசானம் சொன்னார். இரண்டு வாரம் யோசித்தேன். சனிக்கிழமை போனேன். பாத்தியில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தான். காலில் புண். என்னைக் கண்டதும் ஓடிவந்து, உட்காரச் சொல்லத் தேடினான். அங்கே உட்கார எதுவுமில்லை. உப்புக் குவியல்கள்தான். "சார், குடை கொண்டாரலியா?" என்று கேட்டான்.

நான் என்ன சொல்ல வந்தேனோ அதைச் சொல்வதற்கு முன் அவனே பேசினான். அதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. நீங்க பாதின்னு அளந்து குடுத்திய. நானும் கரண்டியாலதான் எடுத்தேன். ஆனா புதங்கிழமை சாயங்காலம் அவசரத்துல ரெண்டு கலயத்துல கரண்டி நெறையாம கொறச்சு எடுத்தனோ என்னமோ, நெனவு வர மாட்டேங்கி. ஒங்க கணக்கு தப்பா இருக்காது. நான்தான் எங்கயோ கை கொறச்சிட்டேன். எந்தக் கலயம்னு மட்டும் தெரிஞ்சா மனசு ஆறிரும்."

ஞானபாய், நாம் இருவரும் நினைத்தது தவறு. அவன் என்னைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடவில்லை. தன் தவறு என்று நம்பித்தான் மூடினான். ஐந்து மாதமாக நாற்பது கலயத்தையும் ஒவ்வொன்றாக நினைவில் எடுத்துக் கழுவிக்கொண்டிருக்கிறான்.

சொல்லிவிட்டேன். "உன் கை சரி. என் அளவுதான் தப்பு. நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். ஏப்ரல் மாதமே எனக்குத் தெரியும்" என்றேன். ஏப்ரல் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவன் என்னைத் திட்டவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "இத அவகிட்ட வந்து சொல்லுவியளா சார்? கோர்ட்டு வேண்டாம். அது முடிஞ்சு போச்சு. எம் பொண்டாட்டிகிட்ட. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா" என்றான். வருகிற சனிக்கிழமை அவனுக்கு விடுப்பு. ஊருக்கு வருகிறான். நானும் வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பத்தரை மணி பஸ்.

உன் வீட்டுக்கு வர மாட்டேன். நேராக அவர்கள் வீட்டுக்குத்தான்.

அண்ணன்


உடன்குடி,
10.8.1975

அண்ணனுக்கு,

எழுதக் கூடாது என்றிருந்தேன். நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இசக்கியப்பன் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டான். சனிக்கிழமை காலையில் முற்றம் தெளித்து, என் வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போட்டான். பேச்சித்தாயின் அப்பாவையும் கூட்டிவந்து உட்காரவைத்தான். "காலேசு சார் வாராக. அவுக வாயால கேளுங்க" என்று எல்லாரிடமும் சொன்னான். பத்தரை பஸ் வந்தது. பன்னிரண்டு மணி பஸ் வந்தது. இரண்டு மணி பஸ்ஸுக்கு அவனே போய் நின்றான். திரும்பி வந்து, "வயசாளி, ஒடம்புக்கு முடியாம இருக்கும்" என்றான்.

கிழவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பேச்சித்தாய் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்காமலிருந்திருக்கலாம். "கள்ளுக்கு ஒரு பொய்யி. அந்தப் பொய்யிக்கு ஒரு சாரு. நாளைக்கி யாரக் கூட்டியாருவீரு? கலெக்டரயா?" என்றாள்.

நான் குறுக்கே பேசினேன். "இசக்கியப்பன் சொல்லுதது நெசந்தான்ளா. அண்ணன் எனக்கு எழுதியிருக்காக" என்றேன். "டீச்சரம்மா, நீங்க அவுக தங்கச்சி. இவருக்குப் பாவம் பாக்கிய" என்று சொல்லி நாற்காலியைத் தூக்கி என் வாசலில் வைத்துவிட்டாள்.

நீங்கள் சும்மா இருந்தவரை அவன் கள் இறக்கியவனாகவோ கை தவறியவனாகவோ மட்டும் இருந்தான். வருகிறேன் என்று சொல்லி வராததால் பொய்யனாகவும் ஆகிவிட்டான். நான் கோபத்தில் எழுதவில்லை. களைப்பாக இருக்கிறது.

ஞானபாய்


தூத்துக்குடி,
14.8.1975

அன்புள்ள ஞானபாய்க்கு,

சனிக்கிழமை பஸ் ஏறினேன். ஆத்தூர் வரை வந்தேன். அங்கே பஸ் ஐந்து நிமிஷம் நிற்கும். முற்றத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், முதல் வாக்கியம் எதுவாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். முதல் வாக்கியம் வரவில்லை. தண்ணீர் குடிக்க இறங்கினேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் முக்கால் மணியில் இருந்தது. அதில் ஏறாமல், எதிர்ப்பக்கம் நின்று தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

இனி எந்தத் தேதியும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் செய்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு அப்படியே பஸ் நிலையத்துக்குப் போகப் போகிறேன். நான் வந்து சேர்ந்தால், பின்னால் வரும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. வராவிட்டால், இதை எடுத்துப்போய் அவர்கள் முற்றத்தில், பேச்சித்தாயின் அப்பாவும் இருக்கும்போது, உரக்க வாசி. ஆத்தூரையும் விடாதே. அதை விட்டால், நான் நல்லவன் போலத் தெரியும்.

வாசிக்க வேண்டியது இது:

அருமைநாயகம் என்ற நான், பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். இசக்கியப்பன் வெயில் தாங்காது என்று சொன்னார். நான் கேட்கவில்லை. சொன்ன அளவைச் சரியாகப் பூசினார். அவர் கள் இறக்கவில்லை. அவர் கை தவறவில்லை. பதநீர் புளித்தது என் தவற்றால். போலீஸ் கேட்டபோது நான் சொல்லவில்லை. கோர்ட்டு வாசல் வரை போய் உள்ளே போகவில்லை. சனிக்கிழமை அவர் சொன்னது பொய் அல்ல. வருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

இதற்கு மட்டும் ஒரே பிரதிதான் எழுதினேன்.

அண்ணன்


உடன்குடி,
18.8.1975

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்றைக்குக் கடைசி பஸ் வரை பார்த்தேன். நேற்றும் ஆராதனை முடிந்து வந்து பார்த்தேன்.

இன்று காலையில் வாசித்தேன். கிழவரை நானே போய் அழைத்துவந்தேன். அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் வந்து வேலியோரம் நின்றார்கள். நின்றுகொண்டே வாசித்தேன். ஆத்தூரையும் விடவில்லை.

வாசித்து முடித்தேன். கிழவர் தலையைக் குனிந்துகொண்டு, "அவன நான் எம் வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டனே" என்றார். பேச்சித்தாய், "இன்னொரு மட்டம் வாசிங்க" என்றாள். வாசித்தேன். 'அவர் கை தவறவில்லை' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தி, அதை மட்டும் மூன்றாவது தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் திருப்பிக் கேட்கவில்லை.

அடுப்பில் கிடந்ததை இறக்கிவைத்து, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். உப்பளத்துக்கு எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். அப்படியே உங்கள் வீட்டு விலாசத்தையும் எழுதித் தரட்டுமா, உங்களை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறாயா என்று கேட்டேன்.

"அங்கன எனக்கு என்ன சோலி, டீச்சரம்மா?" என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஞானபாய்